ஈப்போவில் மூடிய துப்பாக்கிக் கடை

என் தாய்மாமன் இறந்த பிறகு அவருடைய துப்பாக்கி இரண்டே நாள்தான் அந்த வீட்டில் இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் காலை, நாங்கள் தொலைபேசியில் சொல்லியிருந்தபடி, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் காவல் நிலையத்திலிருந்து காவலர்கள் இருவர் வந்தார்கள். உரிமம் என்பது ஆளுக்குத் தரப்படுவது. வீட்டுக்கோ நிலத்துக்கோ தரப்படுவதில்லை. அப்பன் சொத்துப்போல அது பிள்ளைக்கு வந்து சேராது. பிள்ளைக்கு வேண்டுமென்றால் தன் பெயரில் புதிதாக விண்ணப்பித்து, தனக்கு அது எதற்காகத் தேவை என்பதை மாநிலக் காவல்துறைத் தலைவர் ஏற்றுக்கொள்ளும்படி காட்ட வேண்டும். மாமாவின் பிள்ளைகளில் ஒருவன் கிள்ளானில் லாரிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். இன்னொருவன் ஜொகூரில் குடியிருந்துகொண்டு நாள்தோறும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். இருவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியை அத்தை திறந்து கொடுக்க, காவலர் துப்பாக்கியை மடித்துப் பார்த்து, குழல் காலி என்று உறுதி செய்துகொண்டு, மிஞ்சியிருந்த தோட்டாக்களை மேசைமீது நிறுத்தி வைத்து எண்ணினார். ஏழு இருந்தன. ஏழு என்று எழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஈப்போவுக்கு ஒரு வேலையாகப் போன நான், மாமா தம் வாழ்நாள் முழுவதும் தோட்டா வாங்கிய கடையின் தவுக்கேயிடம் (சீன முதலாளியிடம்) சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு வரலாம் என்று பழைய பட்டணத்துப் பக்கம் நடந்தேன். கடை மூடிக் கிடந்தது. மதிய உணவுக்காக மூடியதுபோல் தெரியவில்லை. பெயர்ப்பலகையைக் கழற்றிய இடத்தில் சுவரின் பழைய நிறம் நீள்சதுரமாகத் தெரிந்தது. பக்கத்துக் கடைவீடு இப்போது காப்பிக்கடையாகிவிட்டது. பழைய இரும்புக் கம்பிக் கதவை அழகுக்காகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன்முன் நின்று இளைஞர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு வெள்ளைக் காப்பி குடித்தேன். விலையைச் சொன்னால் மாமா எழுந்து வந்துவிடுவார்.

துப்பாக்கி என்றதும் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொள்ளையும் கும்பல் சண்டையும்தாம் நினைவுக்கு வருகின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் நேரில் காணும் துப்பாக்கி, வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் பாதுகாவலர் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கிடத்தியிருக்கும் துப்பாக்கி ஒன்றுதான். எங்களுக்கு அது மண்வெட்டிக்கும் பால்வெட்டும் உளிக்கும் நடுவில் வைத்து எண்ணப்படுகிற ஒரு பொருளாக இருந்தது. அந்த வரிசையில் எல்லாவற்றையும்விட அதிகமாக அஞ்சப்பட்ட பொருளும் அதுதான். அந்த அச்சத்துக்கு வருமுன் பன்றியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமாவிடம் ஐந்து ஏக்கர் நிலம் இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுவிட்டுக் கிளம்பிய காலத்தில் கைமாறிக் கைமாறி வந்த ஒரு துண்டு அது. முதலில் அதில் பால்மரம், அதாவது ரப்பர், நின்றது. பின்னர் அவர் மரங்களைத் தள்ளிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டார். பால்மரத்துக்குக் காட்டுப்பன்றியால் பெரிய தொல்லை கிடையாது. செம்பனைக் கன்றோ பன்றிக்குக் கரும்பு மாதிரி. நட்ட கன்றின் அடியை மூக்கால் கிளறிப் பக்கவாட்டில் சாய்த்து, நடுவிலிருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டு அடுத்த கன்றுக்குப் போய்விடும். குருத்துப் போன கன்று பிழைக்காது. ஒரே இரவில் ஒரு கூட்டம் இரண்டு வரிசைகளை முடித்துவிட்டுப் போன காலையை நான் கண்டிருக்கிறேன். மாமா ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு குழியாக நின்று, சாய்ந்த கன்றைக் காலால் நிமிர்த்தி, அது திரும்பச் சாய்வதைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கன்று நாற்றங்காலில் ஏறத்தாழ ஓர் ஆண்டு வளர்ந்து வருகிறது. நட்ட பின் காய்க்க இரண்டரை, மூன்று ஆண்டுகள். ஒரு கன்றைப் பன்றி தின்றால் போவது அந்தக் கன்றின் விலை மட்டும் என்று பட்டணத்தில் இருப்பவர் கணக்குப் போடுவார். நட்டவருக்குப் போவது ஆண்டுக் கணக்கு.

அதனால்தான் ஒற்றைக்குழல் ‘பன்னிரண்டு போர்’ (bore, குழலின் அளவு) துப்பாக்கி ஒன்றுக்கு அவர் உரிமம் கேட்டு எழுதினார். நிலப் பட்டா, கிராமத் தலைவரின் கடிதம், தோட்டத்துக் கிராணியார் (எழுத்தர்) எழுதிக் கொடுத்த நற்சான்று என்று ஒரு கட்டுக் காகிதம் சேர்த்தார். உரிமம் கையில் கிடைக்கும்வரை அவர் கோவிலுக்கு நேர்ந்துகொண்டதெல்லாம் தனிக்கதை.

சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்தது. உளி, பால் பிடிக்கும் மங்கு, சேலை, மளிகை, நகை அடகு, கள்ளு, பஞ்சாங்கம் எதற்கும் வெளியூர் போகத் தேவையில்லை. தோட்டத்துப் பட்டணம் என்பதே அதுதான்: சுற்றிலும் இருக்கும் தோட்டங்களின் சம்பள நாளை நம்பி நடக்கும் இரண்டு, மூன்று தெருக்கள். தோட்டாவுக்கு மட்டும் ஈப்போவுக்குப் போக வேண்டியிருந்தது. காட்டோரத்தில் இருப்பவனுக்குத்தான் அந்தக் கடை வேண்டும் என்றாலும், கடை இருந்ததோ நீதிமன்றமும் காவல்துறைத் தலைமையகமும் இருந்த நகரத்தில். சிறுவனாக இருந்தபோது எனக்கு இது விளங்கவில்லை. காகிதம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அந்த வாணிபம் நடக்க முடியும் என்பது பின்னால்தான் விளங்கியது.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது மாமா என்னை முதன்முதலாக அங்கே கூட்டிக்கொண்டு போனார். காலை பேருந்தில் போனோம். துப்பாக்கி பழைய கம்பளித் துணியில் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. உரிமப் புத்தகம் அவர் சட்டைப் பைக்குள், பையின் வாயை ஊசி குத்தி மூடியிருந்தார். கடைக்குள் நுழைய இரண்டு கதவுகள். முதல் கம்பிக் கதவுக்கு முன் நின்று குரல் கொடுத்தால், உள்ளிருந்து தவுக்கே முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார். உள்ளே எண்ணெய் வாசம். தையல் எந்திரத்துக்கு விடும் எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் இடைப்பட்ட ஒரு வாசம். இன்றைக்கும் எங்கேயாவது பூட்டுக்கு எண்ணெய் விட்டால் எனக்கு அந்தக் கடை நினைவுக்கு வந்துவிடுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் துப்பாக்கிகள் சங்கிலி கோத்து நின்றன. ஒவ்வொன்றின் விசைக்காப்பிலும் நூலில் கட்டிய அட்டை தொங்கியது. விற்பனைக்கு இருந்தவை சிலவே. மற்றவை வாடிக்கையாளர்கள் பாதுகாப்புக்காகக் கொடுத்து வைத்தவை என்று மாமா சொன்னார்.

தவுக்கே துணியை அவிழ்த்து, துப்பாக்கியை மடித்து, குழலை வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வா, பாரு," என்று தம் தமிழில் சொல்லி, பிடித்த பிடியை விடாமல் எனக்குக் காட்டினார். குழலின் உட்சுவரில் வெளிச்சம் வளையம் வளையமாக நின்றது. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. ஓரிடத்தில் வளையம் லேசாக நெளிந்திருந்தது. அங்கே துரு என்றார். நீண்ட பித்தளைக் கோலின் நுனியில் துணியைச் சுற்றி எண்ணெய் தொட்டு நாலைந்து முறை இழுத்துவிட்டு மறுபடி காட்டினார், வளையம் நேராகியிருந்தது. இதற்கு அவர் காசு வாங்கவில்லை. வீட்டில் இதை மாதம் ஒரு முறை செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு தோட்டா விற்க மாட்டேன் என்று மட்டும் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் சொன்னார், விளையாட்டாகச் சொல்லவில்லை.

பன்னிரண்டு போர் என்றால் என்ன என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள பன்னிரண்டு உருண்டைகளாகப் பிடித்தால், ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ அதுதான் குழலின் உள்ளளவு. பதினாறாகப் பிரித்தால் உருண்டை சிறுத்துவிடும். ஆகவே பதினாறு போர் குழல் பன்னிரண்டைவிடச் சிறியது. எண் பெரிதானால் குழல் சிறிதாகும் இந்த வேடிக்கை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பின்னாளில் தமிழ்ப்பள்ளியில் பின்னம் கற்பித்த ஆண்டுகளில், பன்னிரண்டில் ஒரு பங்கு பெரிதா, பதினாறில் ஒரு பங்கு பெரிதா என்று குழம்பிய பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஈயம் என்று சொல்லாமல் லட்டு என்று சொன்னேன், அவ்வளவுதான்.

கடைசியாகப் பேரேடு வந்தது. அந்தக் கடையில் எனக்கு எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்த பொருள் அதுவே. தடித்த அட்டை, மூலையில் துணி ஒட்டிய பெரிய புத்தகம். தேதி, உரிம எண், பெயர், எத்தனை தோட்டா, என்ன வகை என்று கட்டம் கட்டமாக மலாயில் எழுதியிருந்தது. ஓரத்தில் தவுக்கேயின் சீனக் குறிப்புகள். கையொப்பக் கட்டத்தில் ஜாவி எழுத்து (அரபு வரிவடிவில் மலாய்), சீன எழுத்து, பெருவிரல் ரேகை, நடுநடுவே தமிழ். மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு தம் பெயரைத் தமிழில் முழுதாக எழுதினார். உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு தோட்டாவும் அங்கே கிடைக்காது. போன ஆண்டு வாங்கியதில் எத்தனை சுட்டாய், எதைச் சுட்டாய், மீதி எங்கே என்று தவுக்கே கேட்பார். மாமா விரல்விட்டு எண்ணிச் சொல்வார். இப்போது யோசித்தால், கேள்வி கேட்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் எவ்வளவு இருந்தது, அவர் தாமாகக் கேட்டது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. தம் கடையிலிருந்து போன ஒரு தோட்டா வேண்டாத இடத்தில் வெடித்தால் தம் உரிமம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்; வந்தவனின் நிலம், பயிர், பிள்ளைகள், குடிப்பழக்கம் எல்லாவற்றையும் அவர் தெரிந்து வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

இனி அச்சத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் துப்பாக்கி என்பது வெறும் சொல்லாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் அதற்கு அண்மையிலிருந்த வேறொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. சுட்ட துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன என்பதற்குப் போர்க்காலத்துக்குப் போக வேண்டும். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்ட, கம்யூனிஸ்டுகள் நடத்திய படைக்கு ஆங்கிலேயரே ஆயுதங்களை வானிலிருந்து இறக்கினார்கள். 1945 டிசம்பரில் படை கலைக்கப்பட்டபோது ஆயுதத்தை ஒப்படைத்தவருக்கு ஆளுக்கு 350 வெள்ளி (மலாயா டாலர்) கொடுத்தார்கள். ஒப்படைக்காமல் காட்டில் புதைத்து வைத்தவை மூன்றாண்டுக்குள் வெளியே வந்தன. அதன்பின் அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று ஆனது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்காக இந்தியா எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. பால்வெட்டுக்காரரின் சம்பளத்துக்காகப் பேசிய ஒரு தமிழர், ஆறு தோட்டாவுக்காகத் தூக்கில் தொங்கினார் என்ற செய்தி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாகப் பரவியது. எங்கள் பாட்டி அதை நேற்று நடந்ததுபோல் சொல்வார். அந்த அச்சத்தின் நிழலில்தான் மாமா தம் தோட்டாக்களை ஆண்டு முழுதும் எண்ணிக்கொண்டிருந்தார். இதே ஊரில் 1954ஆம் ஆண்டு, மலேசிய இந்தியர் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் காந்தியடிகளின் பெயரில் ஒரு கலாசாலையை எழுப்பினார் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

1960ஆம் ஆண்டு அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டின் ஆயுதச் சட்டம்தான் இன்றும் உரிமங்களை ஆள்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், குறிப்பிட்ட சில குற்றங்களைச் செய்யும்போது துப்பாக்கி சுட்டால் கட்டாய மரண தண்டனை என்று ஆனது. அந்தக் 'கட்டாயம்' 2023ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஜூலையில், எங்களுக்குப் பக்கத்து வட்டாரமான சவுக்கில், இராணுவ முகாம்களிலிருந்து ஆயுதங்களை ஏமாற்றி எடுத்துச் சென்ற ஒரு கூட்டம் குன்றில் பதுங்கியிருந்தபோது, பிடித்து வைத்தவர்களில் இருவரைக் கொன்றது. அவர்களில் ஒருவர் சகாதேவன் என்ற தமிழ்க் காவலர். அந்த வாரம் மாமா துப்பாக்கிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. சட்டத்தின் கடுமையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் கிடையாது என்பதைச் சொல்வதற்காகத்தான் இவற்றை எழுதுகிறேன். துப்பாக்கிக் கடை மூடிவிட்டதே என்று வருந்துகிறவன் துப்பாக்கி பெருக வேண்டும் என்கிறான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடையைச் சட்டம் மூடவில்லை. கடுமையான சட்டத்தோடு அது ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தது. சொல்லப்போனால் அந்தச் சட்டத்தின் ஒரு கையாகவே வேலை செய்தது. அதன் வாசலுக்கு வந்த மனிதர்கள் தீர்ந்துபோனதால்தான் அது மூடியது. தோட்டங்கள் கைமாறி வீடமைப்பாகின, லயங்கள் இடிந்தன, பிள்ளைகள் பிறை, ஷா ஆலாம், ஜொகூர் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியரில் நான்கில் மூவர் நகரவாசிகள். நகரவாசிக்குத் தோட்டா எதற்கு? அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் என் மாமன் மகன் விண்ணப்பித்தாலும், காரணம் என்ற கட்டத்தில் எதை எழுதுவான்? தோட்டத்தை விட்டுப் போன எங்கள் ஆட்களில் பலர் பட்டணத்தில் பாதுகாவலர் வேலையில்தான் ஒதுங்கினார்கள். காட்டோரத்தில் துப்பாக்கியைத் தொடாமலேயே வளர்ந்த ஒருவன், நகரத்துக்குப் போன பிறகு நகைக்கடை வாசலில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்க நேர்வதை என்னவென்று சொல்வது.

தவுக்கேயை நான் கடைசியாகப் பார்த்தது ஏழெட்டு ஆண்டுக்கு முன், மாமாவைக் காரில் அழைத்துக்கொண்டு போனபோது. கண்ணாடிப் பெட்டியில் பாதிக்கு மேல் தூண்டில் கழிகளும் நைலான் நரம்பும் மீன் வடிவப் பொம்மைகளும் இருந்தன. துப்பாக்கியைவிடத் தூண்டில் சோறு போடுகிறது என்றார். மீன் பிடிப்பவர்கள் பட்டணத்துக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு குளத்துக்குப் போய்ப் பணம் கட்டிப் பிடித்து, மீனை மறுபடி தண்ணீரில் விட்டுவிட்டு வருகிறார்களாம். இதைச் சொல்லும்போது அவரும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய மகள் மெல்பர்னில் பல் மருத்துவர். கடைக்கு வாரிசு கிடையாது. உரிமம் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களில் அறுபது வயதுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று பேரேட்டைப் புரட்டியபடியே மாமாவைக் கேட்டார். மாமா யோசித்துவிட்டு, தம் கூட்டத்தில் யாரும் இல்லை என்றார். முன்பு ஓராண்டுக்கு இரண்டு, மூன்று பேரேடுகள் நிறையுமாம்; அப்போது மேசைமேல் இருந்த புத்தகம் நான்கு ஆண்டுகளாகியும் முடியவில்லை.

இது நம் நாட்டுக் கதை மட்டும் இல்லை. துப்பாக்கிக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே, சான் பிரான்சிஸ்கோ நகரின் கடைசித் துப்பாக்கிக் கடை 2015ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஹை பிரிட்ஜ் ஆர்ம்ஸ் என்ற அந்தக் கடையை 1950களில் தொடங்கியவர், 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொண்ட பாப் சோ என்ற சீன வம்சாவளி அமெரிக்கர். விற்பனை ஒவ்வொன்றையும் ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்ற புதிய நகர விதி வரவிருந்த நேரத்தில் கடை தன் கதையை முடித்துக்கொண்டது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் துப்பாக்கித் தொழிலாளர்களுக்கென்றே ஒரு பேட்டை இருந்தது. குழலுக்கு ஒரு வீடு, விசைக்கு ஒரு வீடு, கட்டைக்கு ஒரு வீடு என்று தெருத்தெருவாக அங்கே வேலை நடந்திருக்கிறது. 1813ஆம் ஆண்டு முதல் அந்நகரில் குழல்களைச் சோதித்து முத்திரை குத்தும் நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. அந்தப் பேட்டையின் பெரும்பகுதியைச் சாலை போடவும் புதுக் கட்டடம் எழுப்பவும் 1960களில் இடித்துவிட்டார்கள். மாமாவின் துப்பாக்கிக் குழலின் அடியில் குத்தியிருந்த சிறு கிரீட முத்திரைகளைத் தவுக்கே உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டி, இது பர்மிங்ஹாம் முத்திரை என்று சொன்னதுண்டு. ஆங்காங்கே காரணங்கள் வேறு. நகரம் வளர்ந்து, காட்டையும் வயலையும் மறந்த பிறகு அந்தக் கடைக்கு வாசல் இல்லாமல் போனது மட்டும் எங்கும் ஒன்றுதான்.

கடை மூடினால் பன்றியும் ஓய்ந்துவிடுமா என்றால், அது எங்கே ஓய்கிறது? ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2021ஆம் ஆண்டு சபாவுக்கும் பின்னர் தீபகற்பத்துக்கும் வந்தபோது காட்டுப்பன்றிகளும் செத்தன என்றார்கள். எங்கள் பக்கத்தில் குறைந்ததாகத் தெரியவில்லை. மாமா சுட்ட நாள்களில், பரணில் அந்தி சாயும்வரை காத்திருந்து, ஒரு பன்றிக்கு ஒரு தோட்டா என்பதுதான் அவர் கணக்கு. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தோட்டா ஒருமுறை வெடிக்காமல் போனபோது, குழலைத் தரைக்கு நேராகப் பிடித்தபடி நூறு எண்ணி முடித்த பிறகுதான் அவர் அதைத் திறந்தார். நான் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரோடு எண்ணினேன். அதன்பின் தோட்டா டின்னுக்குள் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வைத்தார். விழுந்த பன்றியைக் கூறு போட்டு, லயத்தில் சாப்பிடும் வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு கூறு போகும். வனவிலங்குத் துறையின் அனுமதிச்சீட்டு, காவல்துறையின் உரிமம், தவுக்கேயின் பேரேடு என்று அந்த ஒரு பன்றியைச் சுற்றி மூன்று காகிதங்கள் இருந்தன. யார் சுட்டது, எதனால் சுட்டது, எப்போது என்று எவரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த இடத்துக்குக் கண்ணி வந்துவிட்டது. மிதிவண்டிப் பிரேக் கம்பியோ பழைய இரும்பு வடமோ இருந்தால் போதும். சுருக்குப் போட்டு, விலங்கு நடக்கும் தடத்தில் மரத்தோடு கட்டிவிட்டுப் போய்விடலாம். எந்தக் கடையிலும் கையொப்பம் போட வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கடும் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. ஆனால், வைத்தவன் பெயர் கம்பியில் எழுதியிருப்பதில்லை. துப்பாக்கியைத் தூக்குபவன் எதைச் சுடுகிறோம் என்று பார்த்துச் சுட வேண்டியிருக்கிறது. கண்ணிக்குக் கண் இல்லை. பன்றிக்கு வைத்ததில் நாய் மாட்டுகிறது, நீள்மூக்குத் தாப்பிர் மாட்டுகிறது, காட்டுக்குள் என்றால் புலியும் மாட்டுகிறது. காட்டில் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன என்று அரசாங்கக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவற்றுக்குப் பெரும் பகையாக வனத்துறையினர் சொல்வதும் இந்தக் கம்பியைத்தான். ஒரு குற்றமும் செய்யாத நகரவாசி துப்பாக்கிக் கடை ஒழிந்தது நல்லதே என்று நினைக்கலாம். அவர் நினைப்பது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒழிந்ததன் இடத்தில் என்ன முளைத்திருக்கிறது என்பதை அவர் பார்ப்பதற்கு வாய்ப்பில்லை, அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் படித்த என் மகளிடம் ஒருமுறை இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, மின்வேலி போடலாமே அப்பா என்றாள். போடலாம். பெரிய கம்பெனித் தோட்டங்கள் போட்டிருக்கின்றன, அகழியும் வெட்டியிருக்கின்றன. அங்கிருந்து விரட்டப்பட்ட பன்றி வேலியில்லாத ஐந்து ஏக்கருக்குத்தான் வருகிறது. ஐந்து ஏக்கர்க்காரன் மின்வேலியின் மின்கலத்துக்கும் கம்பிக்கும் களையெடுப்புக்கும் செலவு செய்தால், அவன் குலை வெட்டிய காசு வேலிக்கே போய்விடும்.

போன மாதம் அத்தைக்காக நிலத்தைப் பார்க்கப் போனேன். மறுநடவுக்கு மானியம் கேட்கலாமா, விற்றுவிடலாமா என்று கிள்ளானிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தான் மாமன் மகன். "அத்தான், பன்னி வர்ற தடம் தெரியுதா?" என்றான். தெரிந்தது. ஓடை ஓரத்தில் மண் புரண்டிருந்தது. அதற்கு மேலே, இரண்டு பனைகளுக்கு நடுவே, ஆள் முட்டி உயரத்துக்குக் கீழே ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தால் கண்ணி. கம்பி புதிது, முறுக்கும் புதிது. யார் கட்டியது என்று தெரியவில்லை. பிளையர் கையில் இல்லாததால் நகத்தாலும் கார்ச் சாவியாலும் முறுக்கை ஒவ்வொன்றாகத் திருப்பி அவிழ்த்தேன். கால் மணி நேரம் பிடித்தது. அவன் இணைப்பைத் துண்டிக்காமல் அங்கேயே காத்திருந்தான். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். கம்பியைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லை வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். அடுத்த வரிசையிலும் ஒன்று இருந்தது.